மதுரை வெயிலுக்கு எந்த வெங்காயம் வருஷக்கணக்கா நிக்கும்? சின்ன வெங்காயம், பஞ்சிங் ஆனியன், கார்லிக் சைவ்ஸ் ஒரு ஒப்பீடு

ஒரு தடவ நட்டா போதும், அப்புறம் வருஷாவருஷம் அதுவா வந்துக்கிட்டே இருக்கணும், அந்த மாதிரி வெங்காயம் எதுங்கன்னு மாடித்தோட்டம் போடுறவங்க நிறைய பேரு கேக்குறாங்க. இதுக்கு ஆன்லைன்ல தேடுனா வர்ற லிஸ்ட் எல்லாம் பனி பெய்யிற ஊருக்கு எழுதுனது. சித்திரையில மொட்டை மாடியில செருப்பு இல்லாம கால் வைக்க முடியாத நம்ம ஊருக்கு அந்த லிஸ்ட்ல பாதி ஒத்து வராது. அதனால மதுரை, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி இந்தப் பக்கத்து வெயிலையும் தண்ணியையும் மனசுல வச்சு எது தேறும் எது தேறாதுன்னு எழுதுறேன்.

என் முடிவ முதல்லயே சொல்லிடுறேன். கிழங்கு வேணும்னா சின்ன வெங்காயம். தழை வேணும்னா பூண்டு வாசம் அடிக்கிற தட்டை இலைச் செடியான கார்லிக் சைவ்ஸ். பஞ்சிங் ஆனியன், அதாவது கிழங்கு வைக்காம தாள் மட்டும் தர்ற வெங்காயம், நல்ல செடிதான், ஆனா அதுக்கு நிழல் பாத்துக் குடுக்கணும், எல்லா வீட்டுக்கும் தோதுப்படாது. மத்ததெல்லாம் காசு குடுத்து வாங்குற அளவுக்கு இல்லைங்கிறது என் அபிப்பிராயம்.

ஆனா எந்தச் செடின்னு பாக்குறதுக்கு முன்னாடி உங்க வீட்டுத் தண்ணி என்னன்னு பாருங்க, ஏன்னா வெங்காயம் உப்புக்கு ரொம்ப பயப்படுற பயிரு. கத்தரியெல்லாம் கொஞ்சம் சமாளிக்கும், பருத்தி நல்லாவே தாங்கும், வெங்காயம் தாங்காது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்போட கணக்குப்படி பாசனத் தண்ணியோட உப்பு அளவு, இ.சி.ங்கிற மின்கடத்தல் கணக்குல (dS/m), 0.8ஐ தாண்டும்போதே வெங்காய மகசூல் குறைய ஆரம்பிச்சுடும், அத தண்ணியில கரைஞ்ச உப்பக் காட்டுற, வீட்டுல வச்சிருக்கிற டிடிஎஸ் மீட்டர் கணக்குக்கு மாத்துனா சுமாரா 500 பி.பி.எம். கிட்டத்தட்ட 1800ஐ தொட்டுச்சுன்னா மகசூல் பாதிதான். மதுரையில எத்தனையோ ஏரியாவுல போர் தண்ணி வாயில வைக்க முடியாம இருக்கு, பக்கெட்டுல வெள்ளையா படியுது, அந்தத் தண்ணிய ஊத்திட்டு இலை நுனி காயுதே, உரம் பத்தலையோன்னு இன்னும் கொஞ்சம் உரத்தப் போடுவாங்க, உரமும் உப்புதானே, இன்னும் கருகும். தொட்டியில இது இன்னும் மோசம், வயல்ல மழை பெஞ்சா உப்பு அடியில இறங்கிரும், தொட்டியில எங்க இறங்குறது. ஆர்.ஓ. மிஷின்ல இருந்து வெளிய விடுற கழிவுத் தண்ணிய வீணாக்க மனசு வராம செடிக்கு ஊத்துறவங்க இருக்காங்க, வெங்காயத்துக்கு மட்டும் அது வேண்டாங்க, அதுல உப்பு ரெட்டிப்பா இருக்கும். கார்ப்பரேஷன் தண்ணி வர்ற நாள்ல ஒரு டிரம்முல பிடிச்சு வைங்க, ஐப்பசி கார்த்திகையில மழைத்தண்ணி கிடைக்கும்போது அதையும் பிடிங்க. அரிசி கழுவுன தண்ணி, காய் கழுவுன தண்ணி தாராளமா ஊத்தலாம். போர் தண்ணிய விட்டா வேற வழியே இல்ல, டிடிஎஸ் ஆயிரத்துக்கு மேல நிக்குதுன்னா இந்தக் கட்டுரையில கார்லிக் சைவ்ஸ் பகுதிய மட்டும் படிங்க, அதுவும் ஒரு தொட்டியோட நிறுத்திக்கங்க.

சரி, சின்ன வெங்காயம். இதப் போய் பல்லாண்டுப் பயிருன்னு சொல்லலாமான்னு சந்தேகம் வரும். சொல்லலாம். பெரிய வெங்காயம் விதையில வந்து, கிழங்கு வச்சு, அடுத்த சீசன்ல தண்டு விட்டு பூத்து முடிஞ்சு போறது. சின்ன வெங்காயம் அப்படி இல்ல, ஒரு கிழங்கு நட்டா அது அடியிலேயே பிரிஞ்சு பிரிஞ்சு ஒரு கொத்தா நிக்கும், அதுல இருந்து ஒன்ன எடுத்து நட்டா மறுபடி கொத்து. திண்டுக்கல் ஒட்டன்சத்திரம் பக்கமும், பெரம்பலூர் செட்டிகுளம் பக்கமும் நம்ம சம்சாரிங்க காலங்காலமா இப்படித்தான் விதை வெங்காயத்த எடுத்து வச்சு எடுத்து வச்சு ஓட்டிட்டு வந்திருக்காங்க. மண்ணுக்குள்ள விட்டா தானா நிக்காது, நம்ம கைதான் அத வருஷக்கணக்கா நிக்க வைக்குது.

மண்ணுக்குள்ளயே விட்டா என்ன ஆகும்னு கேப்பீங்க. தாள் காஞ்சு படுத்த பிறகும் எடுக்காம விட்டீங்கன்னா, அடுத்து ஒரு நல்ல மழை வந்துச்சுன்னா பாதி அழுகிரும், மீதி அப்படியே நெருக்கமா முளைச்சு எல்லாம் குன்னிமுத்து சைஸுக்கு நிக்கும். அதனால எடுத்தே ஆகணும். எடுத்து, தாளோட நிழல்ல நாலஞ்சு நாள் காய விட்டு, சின்னச் சின்ன கட்டா கட்டி காத்தாடுற இடத்துல தொங்க விடுங்க. கிராமத்துல வெங்காயத்தச் சேமிக்க பட்டறை போட்டு வைப்பாங்க, கீழயும் பக்கத்துலயும் காத்து போகணுங்கிறதுதான் அதுல விஷயமே. வீட்டுல பிளாஸ்டிக் கவர்ல போட்டு கட்டி வச்சா வேர்த்து அழுகிரும். அறுவடை பண்ண உடனே நட்டா முளைக்காது, அதுக்கு ஒரு உறக்க காலம் இருக்கு, ரெண்டு மாசமாச்சும் கழியட்டும்.

இந்த உறக்கத்த வச்சே நம்ம ஊருக்கு ஒரு சுத்து போட்டுக்கலாம். பெருமழை கொஞ்சம் அடங்குன கார்த்திகை கடைசியில நடுங்க, எழுபதுல இருந்து தொண்ணூறு நாள்ல முடிஞ்சிரும், மாசியில கையில வெங்காயம். அது பங்குனி சித்திரை கத்தரி வெயில் பூரா நிழல்ல தூங்கட்டும், செடிய வெயில்ல காப்பாத்துற வேலையே நமக்கு இல்ல. வைகாசி கடைசி இல்ல ஆனியில மறுபடி நடுங்க, ஆவணிக்குள்ள எடுத்துரலாம், வடகிழக்கு மழை ஆரம்பிக்கிறதுக்குள்ள அது மறுபடி தொங்கிட்டு இருக்கும். மதுரையில இதுக்கு ரெண்டு பெரிய எதிரி, ஒன்னு சித்திரை வெயில், இன்னொன்னு ஐப்பசி மழை. ரெண்டு நேரத்துலயும் மண்ணுல வெங்காயமே இல்லாத மாதிரி இந்தச் சுத்து அமைஞ்சு போகுது, எனக்கு இந்தப் பயிருல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான். நடுவுல தொட்டி சும்மா இருக்கிற நாள்ல தண்டுக்கீரையோ வெந்தயக்கீரையோ விதைச்சு விடுங்க.

விதை வெங்காயத்துக்கு எங்கயும் ஆர்டர் போட வேண்டாம். கீழமாரட் வீதி வெங்காய மண்டியில போய் பழைய வெங்காயமா குடுங்கண்ணேன்னு கேட்டு வாங்குங்க, புதுசு பளபளன்னு ஈரமா இருக்கும், அது வேண்டாம். நடுத்தரமான சைஸ், கெட்டியா, தோல் காஞ்சு, தலையில லேசா பச்சை எட்டிப் பாத்தா இன்னும் நல்லது. நடும்போது தலை மண்ணுக்கு மேல லேசா தெரியணும், ஆழமா புதைக்காதீங்க. ஒன்னுக்கொன்னு நாலு விரக்கடை இடைவெளி. ரெண்டுக்கு ரெண்டு அடி தொட்டின்னா முப்பத்தாறு கிழங்கு வைக்கலாம். வேர் மேலாப்புலதான் ஓடும், எட்டு இஞ்ச் ஆழம் தாராளம், உசரமான குரோ பேக்க விட அகலமான தொட்டிதான் இதுக்குத் தோது. செம்மண்ணு, மக்குன தொழு உரம், கொஞ்சம் மணல், ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. கோகோபீட் (தென்னை நார்த் தூள்) மட்டும் நிரப்புனா மழையில சொதசொதன்னு நின்னு அடியழுகல் வந்துரும்.

மகசூல்லயும் உள்ளத உள்ளபடி பாக்கணும். வயல்ல ஹெக்டேருக்கு 12ல இருந்து 16 டன் வரும்னு வேளாண்மை பல்கலைக்கழகத்துல சொல்றாங்க. அத நூறு சதுர அடிக்கு இறக்குனா பதினொன்னுல இருந்து பதினஞ்சு கிலோ, மாடியில அதுல பாதி வந்தா நல்ல விளைச்சல்னு வச்சுக்கலாம், அதாவது அஞ்சாறு கிலோ. நாலு பேரு இருக்கிற வீட்டுல சாம்பார், வத்தக்குழம்பு, சட்னின்னு வாரத்துக்கு ஒரு கிலோ ஓடிரும். அப்ப நூறு சதுர அடி போட்டாலும் ஒன்றரை மாசத்துக்குத்தான். கடையில வாங்குறத நிறுத்திரலாம்னு நினைச்சு இறங்காதீங்க. விலை ஏறுற காலத்துல கை குடுக்கும், தாளும் நடுவுல நடுவுல கிள்ளிக்கலாம், மருந்தடிக்காத வெங்காயம், இதுக்காக நடுங்க.

நோயப் பத்தி ஒன்னு முக்கியமா சொல்லணும். இலை பாம்பு மாதிரி சுருண்டு திருகி படுத்துச்சுன்னா அது திருகல் நோய், மழை ஈரத்துல வரும், வந்த செடிய அப்பவே பிடுங்கி குப்பையில போடுங்க, உரக்குழியில போடாதீங்க. இலை வெள்ளி பூசுன மாதிரி வெளுத்துச்சுன்னா இலைப்பேன், வேப்பெண்ணெய் லிட்டருக்கு அஞ்சு மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேத்து சாயங்காலம் அடிங்க, நீல கலர் ஒட்டுப்பொறி ஒன்னு தொங்க விடுங்க. நம்ம வெங்காயத்தையே நாம திரும்பத் திரும்ப நடும்போது வைரஸும் அடியழுகலும் கிழங்கு வழியா கூடவே வந்து வருஷம் போகப் போக வீரியம் குறையும். அதனால ஒவ்வொரு தடவையும் இருக்கிறதுலயே நல்ல கொத்துல இருந்துதான் விதைக்கு எடுக்கணும். பெருசா இருக்கிறதெல்லாம் சமையலுக்கும் சூம்பிப் போனதெல்லாம் விதைக்கும்னு வச்சா ரெண்டு வருஷத்துல பயிரே போயிரும். சில வருஷத்துக்கு ஒருக்க புது விதை மாத்துங்க. ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில இருந்தே எம்.டி.யு 1ன்னு ஒரு சின்ன வெங்காய ரகம் வந்திருக்கு. கோயம்புத்தூர்ல வெளியிட்ட கோ 5 ரகம் பூத்து விதை வைக்கிறது, அத நாத்து விட்டு நட்டா கிழங்கு வழியா வர்ற நோய்த் தொல்லை இல்லாம புதுசா ஆரம்பிக்கலாம். வெங்காய விதை வாங்குனா அந்த வருஷமே விதைச்சிருங்க, நம்ம வெக்கையில ஒரு வருஷத்துக்கு மேல முளைப்புத் திறன் நிக்காது.

அடுத்தது பஞ்சிங் ஆனியன். கிழங்கு வைக்காது, தாள்தான், தூர்ல இருந்து பக்கத்துல பக்கத்துல கிளைச்சு ஒரு கொத்தா நிக்கும், சைனா ஜப்பான் பக்கமெல்லாம் ரொம்ப காலமா இருக்கிற செடி. அந்த ஊர்ல ஃப்ரைடு ரைஸ் மேல தூவுறது இதத்தான். நம்ம கடையில ஸ்பிரிங் ஆனியன்னு கட்டி வச்சிருக்கிறது பெரும்பாலும் இது கிடையாது, சாதா வெங்காயத்த இளசுல பிடுங்குனது. ரெண்டையும் எப்படிப் பிரிச்சுப் பாக்கணும்னா, தாளக் குறுக்க வெட்டிப் பாருங்க, பஞ்சிங் ஆனியன் முழு வட்டமா குழல் மாதிரி இருக்கும், சாதா வெங்காயத்தாள் ஒரு பக்கம் தட்டையா இருக்கும். அடியிலயும் பஞ்சிங் ஆனியன் நேரா குச்சியா இறங்கும், மத்தது உருண்டையா லேசா உப்பி இருக்கும். வேரோட வாங்கி தண்ணி டம்ளர்ல வச்சா முளைக்குதேன்னு வீடியோவுல காட்டுறாங்க இல்லையா, முளைக்கும்தான், ரெண்டு மூணு தடவ வெட்டலாம், அப்புறம் தளர்ந்துரும், வருஷக்கணக்குக்கு அது ஆகாது. நிஜ பஞ்சிங் ஆனியன்தான் நிக்கும்.

நம்ம ஊருல அது நிக்குமான்னா, கார்த்திகையில இருந்து மாசி வரைக்கும் ஜோரா நிக்கும், வெட்ட வெட்ட வரும். பங்குனி தொட்டா நுனி காயும், சித்திரை வைகாசியில வெறும் தூரா சுருங்கிரும், அந்த ரெண்டு மாசத்த நீங்க எப்படிக் கடத்துறீங்கங்கிறதுதான் எல்லாமே. கிழக்கு பாத்த வீடு, மதியத்துக்கு மேல செவத்து நிழல் விழும், இல்ல தென்னையோ முருங்கையோ பக்கத்துல நிக்குதுன்னா கடந்துரும். மொட்டை மாடின்னா அம்பது சதவீதம் நிழல் தர்ற பச்சை வலை கட்டாயம், அதோட தொட்டிய தளத்துல வைக்காம செங்கல்லு மேல தூக்கி வைக்கணும், மாடித் தளம் வாங்குன சூடு ராத்திரி பூரா தொட்டி அடியில ஏறும். வெயில் காலத்துல அறுக்காதீங்க, உரம் போடாதீங்க, காலையில தண்ணி மட்டும். விதையில ஆரம்பிக்கிறதா இருந்தா கார்த்திகை மார்கழி குளிர்ச்சியில ஆரம்பிங்க, வெக்கையில முளைக்கவே முளைக்காது. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்க கொத்தப் பிடுங்கிப் பிரிச்சு நட்டா புதுசாயிரும்.

கார்லிக் சைவ்ஸத்தான் நம்ம ஊர்ல இன்னும் நிறைய பேருக்குத் தெரியல, எனக்கு அது ஒரு வருத்தம். தட்டையான இலை, கசக்குனா பூண்டு வாசம், வெள்ளையா நட்சத்திரம் மாதிரி கொத்துப் பூ. மணிப்பூர்ல மரோய் நகுப்பின்னு சொல்லி வீட்டு வீட்டுக்கு இது இருக்கும், பருப்புல இருந்து எல்லாத்துலயும் போடுவாங்க. வெங்காயக் குடும்பத்துல நம்ம வெயில இவ்வளவு பொறுமையாத் தாங்குற தழை வேற எதையும் நான் பாக்கல. சித்திரையில கொஞ்சம் மெலியும், மஞ்ச இலை ரெண்டு விழும், ஆனா தூர் சாகாது, ஒரு கோடை மழை விழுந்தா மறுநாளே பச்சை பிடிக்கும். காலை வெயில் நாலஞ்சு மணி நேரம் இருந்தா போதும்ங்கிறதால பால்கனி வீட்டுக்கும் சரிப்படும்.

விதையில வந்தா முதல் வருஷம் பொறுமை வேணும், புல்லு மாதிரி மெல்லிசா நிக்கும். தெரிஞ்சவங்க கிட்ட ஒரு கொத்து வாங்கிப் பிரிச்சு நடுறது சுலபம், அஞ்சாறு தூர் சேத்து ஒரு குழியில வைங்க. மண்ணுக்கு ரெண்டு விரக்கடை மேல விட்டு அறுங்க, மூணு நாலு வாரத்துல மறுபடி அறுக்கலாம், அறுத்த பிறகு ஒரு கை மண்புழு உரம். பூவ காய விட்டீங்கன்னா விதை விழுந்து பக்கத்துத் தொட்டியெல்லாம் முளைக்கும், அதனால மொட்டாவே கிள்ளி முட்டையில போட்டு வதக்கிச் சாப்பிடுங்க, அந்த மொட்டுதான் செடியிலேயே ருசியான பாகம். இலைய முட்டைப் பொடிமாஸ், அடை, கறி தோசை மேல, தக்காளி ரசம் இறக்கும்போது, எங்க வேணா போடலாம், ஆனா கடைசியில போடணும், ரொம்ப நேரம் கொதிச்சா வாசம் போயிரும். குழம்புக்கு உரிச்சுப் போடுற வெங்காயத்துக்கு இது மாத்து ஆகாது, அத மட்டும் தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க.

ஒரு எச்சரிக்கை. நம்ம வீடுகள்ல ரெயின் லில்லி நிறைய இருக்கு, மழை பெஞ்ச மறுநாள் ரோஸ் கலர்லயும் வெள்ளையிலயும் பூக்குமே அது. பூ இல்லாத நேரத்துல அதோட இலையும் கார்லிக் சைவ்ஸ் இலையும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ரெயின் லில்லி விஷம், கிழங்குல இன்னும் அதிகம். ரெண்டையும் ஒரே தொட்டியிலயோ பக்கத்துப் பக்கத்துலயோ வைக்காதீங்க, வீட்டுல பிள்ளைங்கள விட்டுப் பறிச்சிட்டு வரச் சொன்னா கசக்கி மோந்து பாத்துட்டுப் பறிக்கச் சொல்லிக் குடுங்க, பூண்டு வாசம் இல்லன்னா அத அடுப்படிக்குள்ளயே கொண்டு வரக் கூடாது. நாய், பூனை வளக்குறவங்களும் கவனம், வெங்காயக் குடும்பம் எதுவுமே அதுங்க ரத்தத்துக்கு ஆகாது.

மத்தத வேகமா சொல்லிடுறேன். குச்சி இலை சைவ்ஸ், ஊதா கலர் பூ பூக்கிறது, குளிருக்குப் பொறந்த செடி, கொடைக்கானல்ல சொந்தக்காரங்க இருந்தா அவங்களுக்கு வாங்கிக் குடுங்க, மதுரையில ஒரு கோடைய தாண்டாது. எகிப்தியன் வாக்கிங் ஆனியன்னு ஒன்னு ஆன்லைன்ல விக்கிறாங்க, சாதா வெங்காயமும் பஞ்சிங் ஆனியனும் கலந்த கலப்பு, தண்டு உச்சியில குட்டி வெங்காயம் வச்சு பாரத்துல சாஞ்சு விழுந்த இடத்துல முளைக்கும், பேருல இருக்கிற 'வாக்கிங்', அந்த நடை, அதுதான். பாக்க ஆசையாத்தான் இருக்கும், ஆனா பேரு எடுத்ததெல்லாம் குளிர்காலம் அடிக்கிற நாட்டுல, இங்க அத நம்பி காசு போட வேண்டாங்கிறேன், விதைன்னு சொல்லி அனுப்புனா இன்னும் சந்தேகப்படுங்க, அது உச்சியில வர்ற குட்டி வெங்காயத்துல இருந்து வர்ற செடி. பூண்டு நட்டாலும் இங்க பல்லு பிரியாது, அதுக்குக் குளிர் வேணும், 2019ல புவிசார் குறியீடு வாங்குன கொடைக்கானல் மலைப்பூண்டு அங்க விளையிறதுக்கு அந்த மலைக் குளிரும் ஒரு காரணம். மார்கழியில நாலு பல்லு ஊனி தாள மட்டும் கிள்ளிக்கிறதுன்னா சரி.

இப்ப உங்க வீட்டுக்கு எதுன்னு பாக்கலாம். கீழ மண்ணு இருக்கு, நல்ல தண்ணி இருக்குன்னா யோசிக்கவே வேண்டாம், ஒரு பாத்தி சின்ன வெங்காயம், ஓரத்துல வரப்பு மாதிரி கார்லிக் சைவ்ஸ். கரிசல் மண்ணா இருந்தா மேட்டுப் பாத்தியா உசத்திப் போட்டு மணலும் எருவும் நிறைய சேருங்க, தண்ணி கட்டி நின்னா வெங்காயம் போச்சு. மொட்டை மாடி, நாள் பூரா வெயில், வேலைக்குப் போற ஆளுங்க, ஊருக்குப் போனா ரெண்டு நாள் தண்ணி ஊத்த ஆள் இல்லன்னா சின்ன வெங்காயத்த கார்த்திகைச் சுத்து மட்டும் வைங்க, ஆனிச் சுத்து வேண்டாம், ஆடிக்காத்துல தொட்டி ஒரே நாள்ல காஞ்சிரும். வாடகை வீடு, சின்ன பால்கனின்னா கார்லிக் சைவ்ஸ் ரெண்டு தொட்டி, வீடு மாறும்போது தூக்கிட்டுப் போயிரலாம். வயசானவங்க தனியா இருக்கிற வீட்டுக்கும் அதேதான், குனிஞ்சு நட்டு எடுத்து கட்டித் தொங்க விடுற வேலை இல்ல, கத்தரிக்கோல் போதும். மரநிழலோட பின்பக்கம் இடம் இருக்கு, வாரத்துக்கு ரெண்டு தடவ ஃப்ரைடு ரைஸ் நூடுல்ஸ் கேக்குற பிள்ளைங்க இருக்காங்கன்னா பஞ்சிங் ஆனியனுக்கு அதுதான் சரியான வீடு.

எதுலயும் முடிவு வரலன்னா கார்லிக் சைவ்ஸ் ஒரு கொத்து மட்டும் இப்ப வைங்க, கார்த்திகை வந்ததும் மண்டியில கால் கிலோ பழைய சின்ன வெங்காயம் வாங்கி ஒரு தொட்டியில ஊனுங்க. மாசியில எடுக்கும்போது இருக்கிறதுலயே நல்ல கொத்து அஞ்ச சமையலுக்குக் குடுக்காம தனியாக் கட்டித் தொங்க விடுங்க. ஆனியில நட வேண்டியது அதத்தான்.